ஏழு லட்சத்தை வேண்டாம் என்ற கிருஷ்ணன்

எங்கள் பி.காம் வகுப்பில் டென்னிஸ் பார்க்கிற ஆட்கள் மொத்தம் நாலு பேர். நாலு பேருமே ஸ்பெயின் கட்சி. ஒருத்தன் நடால், மற்ற மூன்று பேர் அல்காரஸ். இவர்களிடம் போய், "விம்பிள்டன் அரை இறுதியில் இரண்டு தடவை ஆடிய தமிழ்நாட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார், தெரியுமா?" என்று கேட்டால் உடனே வரும் பதில், "விஜய் அமிர்தராஜ்தானே?"

இல்லை. விஜய் அங்கே போனது கால் இறுதி வரைக்கும்தான், 1973-லும் 1981-லும். ஜேம்ஸ் பாண்ட் படத்தில் (ஆக்டோபஸி, 1983) வந்ததால் அவர் முகம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நான் சொல்கிறவர் அவருக்கும் முந்தைய தலைமுறை. ராமநாதன் கிருஷ்ணன். 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் விம்பிள்டன் ஒற்றையர் அரை இறுதி. அவருக்குப் பிறகு இன்றைய தேதி வரைக்கும் ஒரு இந்தியர்கூட ஒற்றையரில் அந்த இடத்தைத் தொடவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரை அந்த அரை இறுதிகளைப் பற்றி மட்டும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு காசு விஷயம் நடந்தது. காமர்ஸ் படிக்கிறவனுக்குக் காசு விஷயம் கண்ணில் பட்டால் விடுவானா?

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். 1937-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். அப்பா டி.கே. ராமநாதன் நல்ல டென்னிஸ் ஆட்டக்காரர். மகனுக்கு அவர்தான் குரு. எங்கள் காஞ்சிபுரத்தில் இது ரொம்ப சாதாரணம். கோர்வைப் புடவை நெய்யும்போது ஒரு பக்கக் கரைக்கு நாடாவைத் தள்ள பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும். கையைப் பார்த்துக் கையால் கற்றுக்கொள்கிற படிப்பு. கிருஷ்ணன் கற்ற டென்னிஸும் அந்த வகை என்றுதான் நினைக்கிறேன். அவருடைய ஆட்டத்தைப் பற்றி யார் எழுதினாலும் "டச்" என்ற வார்த்தை வராமல் இருக்காது. சர்வீஸில் பெரிய வேகம் கிடையாது. எதிராளியை அடித்து நொறுக்குகிற ஆட்டமும் கிடையாது. பந்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைப்பார், அவ்வளவுதான். கேட்க சுலபமாக இருக்கிறது, ராக்கெட்டைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்!

1953-ல் விம்பிள்டன் சிறுவர் பிரிவில் இறுதி வரை போய்த் தோற்றார். அடுத்த வருஷமே போய்ப் பட்டத்தை வாங்கிவிட்டார். அப்போது வயது 17. அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். இறுதியில் அவரிடம் தோற்ற பையன் பெயர் ஆஷ்லி கூப்பர், ஆஸ்திரேலியா. இந்தக் கூப்பரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

1959 கிருஷ்ணனுக்கு அருமையான வருஷம். லண்டன் குவீன்ஸ் கிளப் போட்டியை ஜெயித்தார். டேவிஸ் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ராட் லேவரைத் தோற்கடித்தார். அதே வருஷம் விம்பிள்டன் இறுதி வரை போயிருந்த லேவர்! இதையெல்லாம் அமெரிக்காவில் இருந்து ஒரு ஆள் கவனித்துக்கொண்டிருந்தார். ஜாக் கிராமர்.

இங்கே கொஞ்சம் பின்கதை சொல்லியாக வேண்டும். அப்போது டென்னிஸ் உலகம் இரண்டு வீடாகப் பிரிந்து கிடந்தது. ஒரு வீடு அமெச்சூர். விம்பிள்டன், பிரெஞ்சு, அமெரிக்க, ஆஸ்திரேலியப் பட்டங்கள், டேவிஸ் கோப்பை எல்லாம் இந்த வீட்டில். ஆனால் பரிசுப் பணம் கிடையாது. கோப்பை தருவார்கள், செலவுக்காசு தருவார்கள். (செலவுக்காசு என்ற பெயரில் மேஜைக்கு அடியில் கொஞ்சம் கூடவே கைமாறும் என்பது ஊரறிந்த ரகசியம்.) இன்னொரு வீடு ப்ரொஃபஷனல். கிராமர்தான் அந்த வீட்டு மேஸ்திரி. தானே விம்பிள்டன் ஜெயித்த ஆட்டக்காரர், பிறகு ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் போட்டு ஊர் ஊராகக் கூட்டிப் போய் ஆட வைத்து டிக்கெட் விற்றவர். நம்ம ஊர் நாடகக் கம்பெனி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்று ஓர் ஊர், நாளை வேறு ஊர். காசு உண்டு. ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு தடவை காலை வைத்தால் அமெச்சூர் வீட்டுக் கதவு சாத்தப்பட்டுவிடும். விம்பிள்டனும் கிடையாது, நாட்டுக்காக டேவிஸ் கோப்பையும் கிடையாது.

கிராமர் கிருஷ்ணனுக்குச் சொன்ன தொகை, மூன்று வருஷத்துக்கு 1,50,000 டாலர்.

அந்தத் தொகையின் கனம் புரிய வேண்டும் என்றால் ஓர் ஒப்பீடு. 1962-ல் நாலு பெரிய பட்டங்களையும் ஒரே வருஷத்தில் வென்றுவிட்டு லேவர் ப்ரொஃபஷனல் ஆனார். அவருக்குக் கிடைத்த உத்தரவாதம் மூன்று வருஷத்துக்கு 1,10,000 டாலர். அதாவது ஒரு பெரிய பட்டமும் கையில் இல்லாத 22 வயது மெட்ராஸ் பையனுக்கு, பின்னாளில் லேவருக்குத் தந்ததைவிட அதிகம்.

1959-ல் ஒரு டாலர் 4 ரூபாய் 76 பைசா. கால்குலேட்டர் வேண்டாம், நானே சொல்கிறேன், ஏறக்குறைய 7 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய். எங்கள் ஃபைனான்ஸ் வகுப்பில் 72 விதி என்று ஒன்று சொல்லித் தருவார்கள். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எத்தனை வருஷம் என்று வந்துவிடும். 8 சதவீதம் என்றால் 9 வருஷம். 1959-ல் அந்தப் பணத்தைப் போட்டுவிட்டு மறந்திருந்தால் 2022 வரைக்கும் ஏழு தடவை இரட்டித்திருக்கும். 128 மடங்கு. 9 கோடியே 14 லட்சம்! 2025 விம்பிள்டனில் அரை இறுதியில் தோற்றவருக்குக் கிடைத்தது 7,75,000 பவுண்டு, நம்ம காசில் சுமார் 9 கோடி. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றது தற்செயல்தான். ஆனாலும் போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விம்பிள்டனில் ஆட வேண்டும், இந்தியாவுக்கு ஆட வேண்டும், காரணம் அவ்வளவுதான்.

இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது. அவர் எண்பதுகளில் நல்ல கோர்வை நெசவாளி. வெளியூர் ஜவுளி வியாபாரி ஒருத்தர் வந்து, "எங்க ஊருக்கு வந்துடுங்க, மாசச் சம்பளம் தர்றேன், வீடு தர்றேன், பசங்களுக்குக் கோர்வை சொல்லிக் குடுங்க" என்று கேட்டாராம். இங்கே தாத்தாவுக்குக் கூட்டுறவு சங்கத்தில் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. மழைக்காலத்தில் பாவு ஈரம் பட்டால் அதுவும் இல்லை. தாத்தா போகவில்லை. சங்கத்தில் உறுப்பினர் என்ற மரியாதை, வைகாசியில் வரதர் கருட சேவை அன்று ஊரில் இல்லாமல் எப்படி, இப்படி அவருக்குச் சில காரணங்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் இது ஓயாத வழக்கு. "அன்னிக்கே போயிருந்தா இந்த ஓட்டு வீடு மாடி வீடு ஆயிருக்கும்" என்பார் அப்பா. "போயிருந்தா அந்த மனுஷன் ஏக்கத்துலயே போய்ச் சேர்ந்திருப்பாரு" என்று பாட்டி அடுப்படியில் இருந்தே பதில் சொல்லும்.

அதனால் கிருஷ்ணன் செய்தது சரியா தப்பா என்ற கேள்வி எனக்கு வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை. முடிந்தவரை நேர்மையாகக் கணக்குப் பார்த்தேன்.

மறுத்த அடுத்த வருஷம், 1960. விம்பிள்டன் கால் இறுதியில் சிலி நாட்டு லூயிஸ் அயாலாவை ஜெயித்து அரை இறுதிக்கு வந்தார். அங்கே நீல் ஃப்ரேசரிடம் நேர் செட்களில் தோல்வி. ஃப்ரேசர்தான் அந்த வருஷம் சாம்பியன். 1961-ல் கால் இறுதியில் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று வீழ்த்தினார். இந்த ஸ்கோரைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். எமர்சன் பிற்பாடு 12 ஒற்றையர் பெரிய பட்டங்கள் வாங்கிய ஆள். அந்த ஆளை மூன்றே செட்டில்! அந்தச் சமயம் சென்னையில் கிருஷ்ணனுக்கு ஒரு மகன் பிறந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. அரை இறுதியில் எதிரே லேவர். மறுபடி நேர் செட் தோல்வி. லேவர் அந்த வருஷம் சாம்பியன். ஆக இரண்டு தடவையும் கோப்பையைத் தூக்கப் போகிறவரிடம்தான் தோற்றார். இதைச் சிலர் ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கு இதில் பெரிய ஆறுதல் தெரியவில்லை, இரண்டு ஆட்டத்திலும் ஒரு செட்கூட எடுக்கவில்லை என்பதும் உண்மைதானே.

1962-ல் அவருக்கு நாலாம் தரவரிசை கொடுத்தார்கள். விம்பிள்டனில் அவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த இடம் அது. கணுக்கால் காயம். போட்டியின் நடுவில் விலகிவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். 1962 முடிந்ததும் லேவர் ப்ரொஃபஷனல் வீட்டுக்குப் போய்விட்டார். 1967 வரைக்கும் லேவர் இல்லாத விம்பிள்டன். மைதானம் காலியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், எமர்சன் இருந்தார். ஆனால் பெரிய மலை ஒன்று நகர்ந்து வழி விட்டது உண்மை. அமெச்சூராகவே இருந்தவர்களுக்கு அறுவடைக் காலம். அந்த அறுவடையைச் செய்தவர்களில் ஒருத்தர் யார் தெரியுமா? என் வகுப்பு நண்பர்கள் கவனிக்க, ஒரு ஸ்பெயின்காரர்.

மனுவேல் சந்தானா. கிருஷ்ணனைவிட ஒரு வயது சின்னவர், 1938-ல் மாட்ரிட்டில் பிறந்தவர். ஏழை வீடு, கிளப்பில் பந்து பொறுக்கிப் போடுகிற பையனாக ஆரம்பித்தவர். அவரும் முரட்டு ஆட்டக்காரர் இல்லை, கை நயத்தை நம்பியவர். 1961-லும் 1964-லும் பிரெஞ்சுப் பட்டம், 1965-ல் அமெரிக்கப் பட்டம், 1966-ல் விம்பிள்டன். லேவர் போன பிறகு வந்தவை இதில் மூன்று. டேவிஸ் கோப்பையில் 1965, 1967 இரண்டு தடவை ஸ்பெயினை இறுதிச் சுற்றுக்கு இழுத்துப் போனார், இரண்டிலும் ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. நடுவில் இருக்கிற 1966-ல் ஆஸ்திரேலியாவை எதிர்த்து இறுதிச் சுற்று ஆடிய நாடு எது? இந்தியா. அதை இழுத்துப் போனவர் கிருஷ்ணன். இருவர் வாழ்க்கையும் இப்படிப் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடியிருக்கிறது. பட்டங்கள் மட்டும் ஒரு பக்கம்தான் ஏறின.

ஏன் என்று கேட்டால் என்னிடம் இருப்பது ஓர் ஊகம். கிருஷ்ணனின் உச்சம் 1959-லிருந்து 1962 வரை. கதவு திறந்தபோது அவர் அந்த உச்சத்தைத் தாண்டியிருந்தார், சந்தானா அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் முன்னே பின்னே, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் 1966 டிசம்பரை வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி தோன்றும். கல்கத்தா, பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டம். ஜெயித்தால் இறுதிச் சுற்று. பிரேசில் அந்த வருஷம் அமெரிக்காவையே வெளியே அனுப்பிவிட்டு வந்த அணி. இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நிற்க, கடைசி ஆட்டம் கிருஷ்ணனுக்கும் தாமஸ் கோச்சுக்கும். கோச் இடது கை ஆட்டக்காரர், 21 வயது. கிருஷ்ணனுக்கு 29. கோச் இரண்டு செட் எடுத்துவிட்டார், கிருஷ்ணன் ஒன்று. நாலாவது செட்டில் கோச் 5-2. ஒரே ஒரு கேம் எடுத்தால் போதும், எல்லாம் முடிந்தது.

கிருஷ்ணன் அந்த செட்டை 7-5 என்று எடுத்தார். 2-5-லிருந்து வரிசையாக ஐந்து கேம். பிறகு ஐந்தாவது செட் 6-2. முழு ஸ்கோர் 3-6, 6-4, 10-12, 7-5, 6-2. டைபிரேக்கர் கிடையாத காலம், அதனால்தான் அந்த 10-12.

அந்த மாசக் கடைசியில் மெல்போர்ன், கூயாங் மைதானம். ஆஸ்திரேலியா 4-1. அந்த ஒரு "1" கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து ஆடிய இரட்டையர் ஆட்டம். எதிரே நியூகோம், ரோச். 1965-ல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வாங்கிய ஜோடி. முதல் செட்டை விட்டுவிட்டு அடுத்த மூன்றையும் எடுத்து அவர்களை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்தார்கள்.

கிராமரின் காசை வாங்கியிருந்தால் கல்கத்தாவும் இல்லை, மெல்போர்னும் இல்லை.

வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கூப்பரை நினைவில் வைக்கச் சொன்னேனே, 1954 சிறுவர் இறுதியில் தோற்ற பையன். 1958-ல் அவர் விம்பிள்டன் சாம்பியன் ஆனார், 1959-ல் ப்ரொஃபஷனல் ஆனார். அதற்குப் பிறகு அந்தப் பெரிய மைதானங்களின் பட்டியலில் அவர் பெயர் ஏறவே இல்லை. ப்ரொஃபஷனல் வீட்டில் அப்போது பாஞ்சோ கொன்சாலஸ் ராஜா. புதிதாக வருகிறவரைத் தினம் ஓர் ஊரில், பெரும்பாலும் உள்ளரங்கில், எதிரே நிறுத்துவார்கள். அங்கே எடுபடுவது அசுர சர்வீஸ். கிருஷ்ணனிடம் இல்லாத ஒன்று அதுதான். மூன்று வருஷம் கழித்துக் கையில் காசோடு, பெயர் மங்கிப் போய்த் திரும்பியிருப்பார் என்பது என் கணக்கு. எனவே 1959-ல் தெரிந்த விஷயங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் முடிவு உணர்ச்சிவசப்பட்ட முடிவு இல்லை. சந்தானாவும் எமர்சனும் அந்தக் காலத்தில் அமெச்சூர் வீட்டிலேயே இருந்து பேர் வாங்கினார்கள். இரண்டு பேரையும் யாரும் ஏமாளி என்று சொல்வதில்லை.

இதே நியாயத்தைத் தாத்தாவுக்குத் தர எனக்கு மனசு வரவில்லை. கிருஷ்ணன் விஷயத்தில் நான் பாட்டி கட்சி, தாத்தா விஷயத்தில் அப்பா கட்சி. முரண்பாடு என்று நண்பன் ஒருத்தன் பிடித்துக்கொண்டான். இல்லை என்றேன். கிருஷ்ணன் எதை விட்டுக்கொடுத்தாரோ அதற்குப் பதிலாக அவருக்கு ஏதோ வந்தது. 1961-ல் அர்ஜுனா விருது, அந்த விருது ஆரம்பித்த முதல் வருஷமே. 1962-ல் பத்மஸ்ரீ, 1967-ல் பத்மபூஷண். ஆட்டம் முடிந்த பிறகு சென்னையில் சமையல் எரிவாயு ஏஜென்சி நடத்தினார். தாத்தாவுக்கு எதிர்ப்பக்கம் என்ன எழுதுவது? டெபிட் பக்கம் மட்டும் இருக்கிற பேரேட்டை நான் எப்படி டேலி செய்வது? "கருட சேவையை எழுதுடா" என்று பாட்டி சொல்லும். அதற்கு எந்தத் தலைப்பில் கணக்கு வைப்பது என்று எனக்கு இன்னும் சொல்லித் தரவில்லை :-)

மீதிக் கதை வேகமாக. 1968-ல் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்துவிட்டார்கள். ப்ரொஃபஷனல்களும் விம்பிள்டன் ஆடலாம். அந்த வருஷம் ஆண்கள் சாம்பியனுக்குப் பரிசு 2,000 பவுண்டு, வாங்கினவர் லேவர். விஜய் அமிர்தராஜ் போன்றவர்கள் இந்தப் புதிய உலகத்தில் வந்தவர்கள், கிருஷ்ணன் போலத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரவில்லை. ஆனால் 1974-ல் வேறு மாதிரி ஒரு கட்டாயம் வந்தது. டேவிஸ் கோப்பை இறுதி, எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசு என்பதால் இந்தியா ஆடவே மறுத்து கோப்பையை விட்டுக்கொடுத்தது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

1961 விம்பிள்டன் சமயத்தில் ஒரு மாசக் குழந்தையாக இருந்தாரே, அவர்தான் ரமேஷ் கிருஷ்ணன். அப்பாவுக்குச் சரியாக 25 வருஷம் கழித்து 1979-ல் அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வாங்கினார். ஒற்றையர் கால் இறுதிக்கு மூன்று தடவை போனார், அமெரிக்க ஓபனில் 1981, 1987, விம்பிள்டனில் 1986. 1987-ல் விஜய்யும் ரமேஷும் இந்தியாவை மறுபடி டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார்கள். அரை இறுதியில் ஆஸ்திரேலியாவை சிட்னியில் வைத்தே தோற்கடித்து! கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை ரமேஷ் ஜெயித்தார். இறுதியில் ஸ்வீடனிடம் 5-0, அதை விட்டுவிடுவோம். 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போது உலக நம்பர் ஒன்றாக இருந்த மாட்ஸ் விலாண்டரை இரண்டாவது சுற்றிலேயே வெளியே அனுப்பினார். அவருடைய சர்வீஸும் அப்பாவினுடையது மாதிரியே மெதுவானதுதான், ஆட்டமும் அதே டச்.

பெரிய கிருஷ்ணனின் டேவிஸ் கோப்பைக் கணக்கை மட்டும் சொல்லி முடிக்கிறேன். 97 ஆட்டம், 69 வெற்றி. ஒற்றையரில் 50, இரட்டையரில் 19. நடால் கட்சிக்காரன் இதைப் படித்துவிட்டு, "சரி, ஒத்துக்கறேன், ஆனா விம்பிள்டன் ஜெயிக்கலையே" என்றான். ஜெயிக்கலைதான்.

அடுத்து, 1981 விம்பிள்டன் கால் இறுதியில் கானர்ஸிடம் முதல் இரண்டு செட்டை எடுத்துவிட்டு விஜய் தோற்ற கதையை எழுத ஆசை. காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் முடியட்டும்.